ஒரே சாவியில் ஓடும் வண்டி: சிப் சாவிக்கு மாற்றுச் சாவி போடுவோம்



கறவை மாடு, தையல் மெஷின், மாவு அரைக்கும் கிரைண்டர் என்று குழுக்கடனில் தொழில் தொடங்கிய நாம், இன்றைக்குப் பல ஊர்களில் பழைய கார், வேன் வாங்கித் தொழில் நடத்தும் அளவுக்கு வந்திருக்கிறோம். சந்தோஷமான விஷயம். பழைய வண்டி வாங்கும்போது டயரைப் பார்க்கிறோம். இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறோம். இன்சூரன்ஸ் தேதியைப் பார்க்கிறோம். "சாவி எத்தனை இருக்கு?" என்று மட்டும் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதனால் பட்ட பாட்டையும், அதன் பிறகு தெரிந்துகொண்டதையும் இந்த மாதப் பாடமாகச் சொல்கிறோம்.

எங்களுக்கு நடந்தது

எங்கள் பகுதியில் ஐந்து குழுக்கள் சேர்ந்து கடலை மிட்டாய், முறுக்கு, மசாலாப் பொடி செய்து விற்கிறோம். சரக்கு கொண்டுபோக 2010-ம் வருட மாடல் சின்ன கார் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். விற்றவர் ஒரு சாவிதான் கொடுத்தார். "இன்னொண்ணு வீட்ல எங்கியோ கெடக்கும்மா, தேடித் தர்றேன்" என்றார். அதோடு சரி. அவரும் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வண்டி நன்றாக ஓடியது. மறந்தே போனோம்.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது கடலை வாங்கச் சந்தைக்குப் போனோம். வண்டியைப் பூட்டிவிட்டு, கடலை எடை போடும் இடத்துக்குப் போன சகோதரி திரும்பி வரும்போது இடுப்பில் செருகியிருந்த சாவி இல்லை. சந்தை முழுக்கத் தேடினோம். கிடைக்கவில்லை. வண்டிக்குள்ளே அன்று சாயங்காலம் கொடுக்க வேண்டிய ஆர்டர் பெட்டிகள் முப்பது.

பூட்டு ரிப்பேர் செய்பவரைக் கூட்டி வந்தோம். கதவைத் திறந்தார். பூட்டின் அளவுக்கு ஒரு சாவியும் ராவிக் கொடுத்தார். சாவி சுலபமாகத் திரும்பியது. இன்ஜின் ஒரு நொடி உறுமிவிட்டு நின்றுபோனது. மறுபடி போட்டோம், மறுபடி நின்றது. டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. "அக்கா, இது சிப்பு சாவி. இரும்பை வெட்டினா மட்டும் ஓடாது. எங்கிட்ட அந்த மிஷின் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் வாடகை வேன் பிடித்துச் சரக்கு அனுப்பினோம். தாமதமாகப் போன ஆர்டருக்கு விலை குறைத்துக் கொடுத்தோம். மூன்றாம் நாள் கடலை வியாபாரி ஒரு மூட்டையைக் கொட்டும்போது சாவி உள்ளேயிருந்து விழுந்தது. எங்கள் நல்ல நேரம்.

கூட்டத்தில் வந்த பேச்சு

அந்த வாரக் கூட்டத்தில் சாவியைத் தொலைத்த சகோதரி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "நஷ்டத்தை என் சேமிப்புல கழிச்சுக்கோங்க" என்றார். சிலர் பேசாமல் இருந்தார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர்தான் எழுந்து கேட்டார்: "சாவி யாருக்கும் தொலையும். ஒத்தச் சாவிய வெச்சுக்கிட்டு ரெண்டு வருசமா வண்டி ஓட்டுனது யாரு? நாம அத்தன பேருந்தானே?"

அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. நஷ்டத்தை ஒருவர் தலையில் கட்டாமல் பொதுக் கணக்கில் எழுதினோம்.

மாற்றுச் சாவி போடலாம் என்றபோதும் உடனே எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "அதான் சாவி கெடச்சிருச்சே, இன்னொண்ணு எதுக்கு? அந்தக் காசுக்கு நெலக்கடல வாங்கலாமே" என்று ஒரு பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் முதலில் இந்தச் சாவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

சிப் சாவி என்றால் என்ன?

ரேஷன் கடைக்குப் போகிறோம். ஸ்மார்ட் கார்டு கையில் இருக்கிறது. அது மட்டும் போதுமா? விரலை வைத்து, ரேகை ஒத்துப்போனால்தானே பொருள் போடுகிறார்கள். சிப் சாவியும் அப்படித்தான். சாவியின் இரும்புப் பகுதி கார்டு மாதிரி. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சிப் இருக்கும். அது ரேகை மாதிரி. இரண்டும் ஒத்துப்போனால்தான் இன்ஜின் ஓடும். இந்தச் சிப்புக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். வண்டியில் இருக்கும் இந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு இம்மொபிலைசர் என்று பெயர். மாருதி கார்களில் இதை ஐகேட்ஸ் என்பார்கள்.

இது வேலை செய்யும் விதம்:

1. சாவி போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் வளையம் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அதிலிருந்து மெல்லிய ரேடியோ அலை வரும்.

2. அந்த அலையிலிருந்தே சிப்புக்குச் சக்தி கிடைக்கிறது. அதனால் சிப்புக்கு பேட்டரி தேவையில்லை. (கதவைத் திறக்கும் ரிமோட் பட்டனுக்குத்தான் பேட்டரி. ரிமோட் பேட்டரி தீர்ந்து போனாலும் சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருப்பினால் வண்டி ஓடும்.)

3. சிப் தன் ரகசிய எண்ணைத் திருப்பி அனுப்பும்.

4. வண்டியின் இன்ஜின் கம்ப்யூட்டர் அந்த எண் தன்னிடம் பதிவான எண்தானா என்று பார்க்கும். ஆமாம் என்றால் இன்ஜினை ஓட விடும். இல்லை என்றால் பெட்ரோலையோ, தீப்பொறியையோ, ஸ்டார்ட்டரையோ தடுத்துவிடும்.

இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும்.

திருட்டைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஐரோப்பாவில் 1990-களில் பரவியது. பிரிட்டனில் 1998 அக்டோபர் முதலும், கனடாவில் 2007 செப்டம்பர் முதலும் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது. நம் நாட்டில் 2000-க்குப் பிறகு சின்ன கார்களிலும் வரத் தொடங்கியது. ஆகவே பழைய வண்டிதானே, சாதாரண சாவியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

நம் சாவியில் சிப் இருக்கிறதா?

தலைவரை முழுக்க இரும்பாக இருந்தால் சிப் இல்லை. பிளாஸ்டிக் தலை இருந்தால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பும்போது டாஷ்போர்டில் சாவி படமோ, பூட்டுப் படமோ போட்ட விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரிந்தால் பெரும்பாலும் சிப் சாவிதான். வண்டியோடு வரும் கையேட்டிலும் இருக்கும். சிப் சாவி போடும் கடைகளில் சாவியை ஒரு சின்ன மெஷினில் வைத்தே எந்த வகைச் சிப் என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு சாவி இருக்கும்போதே ஏன் போட வேண்டும்?

பொருளாளரின் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது.

வேலை செய்யும் சாவி ஒன்று கையில் இருந்தால், அதைப் பார்த்து இரும்பை வெட்டலாம். இன்ஜின் கம்ப்யூட்டரில் புதுச் சாவியைப் பதிவதும் சுலபம். வண்டியை நாமே ஓட்டிக்கொண்டு கடைக்குப் போகலாம். அவசரமில்லாமல் நான்கு இடத்தில் விலை கேட்கலாம்.

எல்லாச் சாவியும் தொலைந்துவிட்டால் கதை வேறு. வண்டியைக் கட்டி இழுத்துப் போக வேண்டும், அல்லது ஆளை வண்டி நிற்கும் இடத்துக்கு வரவழைக்க வேண்டும். கம்பெனியிடமிருந்து பாதுகாப்பு எண் வாங்க வேண்டியிருக்கும். அதற்கு நாளாகும். சில மாடல்களில் இன்ஜின் கம்ப்யூட்டரைக் கழற்றி வேலை பார்க்க வேண்டும், அல்லது மாற்றவே வேண்டியிருக்கும். செலவு பல மடங்கு ஆகும். அந்த நேரத்தில் அவர் கேட்ட விலையை நாம் கொடுத்தாக வேண்டும். பேரம் பேச நமக்கு வாயிருக்காது.

ஆக, முதல் சாவி கையில் இருக்கும் நாள்தான் இரண்டாவது சாவி போட நல்ல நாள்.

எங்கே போவது? என்ன எடுத்துப் போவது?

இரண்டு வழி உண்டு. ஒன்று, அந்தக் கம்பெனியின் ஷோரூம் சர்வீஸ் சென்டர். பொதுவாக விலை கூடுதல், சாவி வர நாளாகும். ஆனால் கம்பெனிச் சாவி, பில் கிடைக்கும். மற்றொன்று, நகரங்களில் இருக்கும் சிப் சாவி போடும் கடை. விலை குறைவு, பெரும்பாலும் அன்றைக்கே முடியும். ஆனால் தெரிந்தவர்கள் மூலம் விசாரித்து, நிலையான கடையாகப் பார்த்துப் போக வேண்டும். நம் வண்டியைத் திறக்கும் சாவியை அவர் கையால் செய்யச் சொல்கிறோம் அல்லவா?

எடுத்துப் போக வேண்டியவை:

- ஆர்.சி. புத்தகம் அல்லது கார்டு. அது நம் பெயரில் மாறியிருக்க வேண்டும். பழைய வண்டி வாங்கிப் படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றாமல் வைத்திருப்பவர்கள் முதலில் அதை முடியுங்கள். வண்டி யாருடையது என்று தெரியாமல் நல்ல கடைக்காரர் சாவி போட மாட்டார். கேட்காமலே போட்டுக் கொடுப்பவரிடம் நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.
- ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் அடையாள அட்டை.
- கையில் இருக்கும் எல்லாச் சாவிகளும். பல வண்டிகளில் புதுச் சாவியைப் பதியும்போது பழைய பதிவு முழுவதும் அழிந்து, எல்லாவற்றையும் திரும்பப் பதிய வேண்டியிருக்கும். ஒரு சாவியை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அது செல்லாத சாவி ஆகிவிடும்.
- சாவி எண் பொறித்த சின்னத் தகடும், பாதுகாப்பு எண் எழுதிய அட்டையும் இருந்தால் அவையும்.

நல்ல பேட்டரியும் வேண்டும். பதிவு நடக்கும்போது பேட்டரி இறங்கிவிட்டால் வேலை பாதியில் நின்று இன்ஜின் கம்ப்யூட்டருக்கே பாதிப்பு வரலாம். காலையில் தள்ளி ஸ்டார்ட் செய்யும் நிலையில் வண்டி இருந்தால் முதலில் பேட்டரியைச் சரி பாருங்கள்.

கடையில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

"நகல் எடுக்கிறீங்களா, வண்டியில பதியுறீங்களா?" என்று கேளுங்கள்.

நகல் என்றால், பழைய சிப்பில் உள்ள எண்ணையே புதுச் சிப்பில் எழுதுவது. வண்டிக்கு இரண்டும் ஒரே சாவியாகத் தெரியும். பின்னால் ஒன்று தொலைந்தால் அதை மட்டும் நீக்க முடியாது. பதிவு என்றால், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் மெஷினை மாட்டி, புதுச் சிப்பின் எண்ணை வண்டிக்குள் தனியாகச் சேர்ப்பது. ஒரு சாவி தொலைந்தால் அதன் பதிவை அழித்துவிடலாம். எடுத்தவன் கையில் அது வெறும் இரும்பு. கதவைத் திறக்கலாம், வண்டியை ஓட்ட முடியாது. முடிந்தவரை பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும் முன் சோதனை

"எல்லாம் முடிஞ்சுதும்மா" என்று சொன்னதும் பணத்தை எடுக்காதீர்கள். இதைச் செய்யுங்கள்:

1. பழைய சாவியை ஒரு சகோதரியிடம் கொடுத்துத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பழைய சாவி பக்கத்திலேயே, அதே வளையத்தில் இருந்தால் வண்டி அதன் சிப்பைப் படித்து ஓடிவிடலாம். புதுச் சாவிதான் ஓட்டியது என்று நாம் ஏமாந்து போவோம்.

2. புதுச் சாவியால் எல்லாக் கதவு, டிக்கி, பெட்ரோல் மூடி திறந்து பாருங்கள்.

3. ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓட விடுங்கள். அணைத்து, மூன்று முறை திரும்பவும் செய்யுங்கள்.

4. பிறகு பழைய சாவியையும் அதேபோல் சோதியுங்கள்.

5. மொத்தம் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். பல வண்டிகளில் மெஷினிலேயே எண்ணிக்கை தெரியும். இரண்டு சாவி வைத்திருக்கும்போது மூன்று என்று காட்டினால், பழைய உரிமையாளர் வீட்டுச் சாவி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதை அழிக்கச் சொல்லுங்கள்.

6. வண்டி எண், தேதி எழுதிய பில் வாங்குங்கள்.

எங்கள் வண்டியில் அப்படித்தான் இரண்டுக்குப் பதில் மூன்று காட்டியது. விற்றவர் "எங்கியோ கெடக்கும்" என்ற சாவிதான் அது. அன்றைக்கே அழித்துவிட்டோம்.

செய்யக் கூடாத குறுக்கு வழி

"பழைய சிப்பை எடுத்து ஸ்டியரிங் கிட்ட ஒட்டி வெச்சிட்டா எந்தச் சாவி போட்டாலும் ஓடும்மா, செலவு கம்மி" என்று சிலர் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியை அதிலேயே வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். யார் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாம்.

இன்சூரன்ஸ் விஷயமும் கவனம். வண்டி திருடு போய் இழப்பீடு கேட்கும்போது, வண்டியின் எல்லாச் சாவிகளையும் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும். ஒரு சாவி இல்லை என்றால் ஏன் இல்லை என்று விளக்கம் கேட்கும். அதனால் சாவி தொலைந்த உடனே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள். மாற்றுச் சாவி போட்ட பில்லையும் அதோடு சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது சாவி யாரிடம்?

இது நமக்குப் புதிதல்ல. குழுப் பணப்பெட்டி ஒருவர் வீட்டில், சாவி இன்னொருவர் வீட்டில் என்று வைத்துப் பழகியவர்கள் நாம். அதே முறைதான். ஓட்டும் சாவி ஓட்டுபவரிடம் இருக்கட்டும். மாற்றுச் சாவி வேறு வீட்டில், பொறுப்பான உறுப்பினரிடம் இருக்கட்டும். இரண்டையும் ஒரே வளையத்தில் கோர்க்கக் கூடாது. ஒன்றாகத் தொலையும். தவிர, இரண்டு சிப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சில வண்டிகள் குழம்பி ஸ்டார்ட் ஆகாது. சாவியைச் சூட்டில், தண்ணீரில் போடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுச் சாவியால் வண்டியை எடுத்துப் பாருங்கள். யாரிடம் எந்தச் சாவி என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

எங்கள் கணக்கு

சாவி இல்லாத இரண்டு நாளில்:
வாடகை வேன் – ரூ.3,000
பூட்டுக்காரர் கூலி – ரூ.600
தாமதத்துக்கு விலை குறைப்பு – ரூ.1,400
மொத்தம் – ரூ.5,000

மாற்றுச் சாவி, சிப், வெட்டும் கூலி, பதிவு எல்லாம் சேர்த்து – ரூ.2,600

ஐந்து குழுவுக்கும் பங்கு போட்டால் குழுவுக்கு ரூ.520. குழுவுக்கு 13 பேர், ஆளுக்கு ரூ.40. (வண்டிக்கு வண்டி, ஊருக்கு ஊர் விலை மாறும். நீங்கள் உங்கள் ஊரில் விசாரித்துக் கணக்குப் போடுங்கள்.)

கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டியதும், முதலில் வேண்டாம் என்ற பொருளாளரே தீர்மானத்தை முன்மொழிந்தார். கடைக்கும் அவரும், சாவியைத் தொலைத்த சகோதரியும்தான் போனார்கள். மெஷின் மாட்டியதிலிருந்து முடியும்வரை பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார்கள். இந்தப் பாடத்தில் பாதி அவர்கள் நோட்டில் எழுதி வந்ததுதான். இப்போது மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது தெரியுமா? அந்தச் சகோதரியிடம்தான். கூட்டம் ஒருமனதாகக் கொடுத்தது.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில், உறுப்பினர் வீடுகளில் கார், வேன் எத்தனை? ஒவ்வொன்றுக்கும் சாவி எத்தனை?
2. அவற்றில் சிப் சாவி எத்தனை? ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது?
3. இன்று சாவி தொலைந்தால் நாளைய வேலை எப்படி நடக்கும்?
4. இனி பழைய வண்டிக்குக் கடன் கேட்டு வரும் மனுவில் "சாவி எத்தனை?" என்ற கேள்வியைச் சேர்க்கலாமா?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். உங்கள் அனுபவத்தைக் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள்.